கையை எடுங்க, சார்

எங்கள் ஆஸ்பத்திரியில் குருவை விடச் சீடருக்கு வயது அதிகம். குருவுக்கு நாற்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தைந்து. அதனால் சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை சார் என்பார். நடுவில் நான். மயக்க டாக்டர். பெயர் தாணு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் பாதி நோயாளிகள் தூங்கிவிடுவார்கள்.

திரைக்கு இந்தப் பக்கம், நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது என் வேலை. அந்தப் பக்கம் வெட்டுவார்கள், தைப்பார்கள், முறைத்துக்கொள்வார்கள். எனக்கு எல்லாம் கேட்கும். எழுந்து எட்டிப் பார்த்தால் தெரியவும் செய்யும். எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து கழுத்துவலி வந்ததுதான் மிச்சம்.

குரு, சபீனா மேடம். மேலப்பாளையத்துக்காரர். முழங்கால் மூட்டின் உட்புறத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது, சாப்பிடக்கூட மறந்துவிடுவார். சீடர், வைரவன் சார். சிவகங்கைப் பக்கம் பெரிய எலும்பு டாக்டர். ஒடிந்த எலும்புக்கு அவர் தகடு வைத்து ஸ்குரூ முறுக்கினால் அதன் மேல் லாரி ஏறினாலும் அசையாது. இதை அவரே சொல்வார்.

ஆனால் குருத்தெலும்பு வேறு ஜாதி. எலும்பு நுனியில் வழவழவென்று மூடியிருக்குமே, அது. ஒருமுறை பெயர்ந்தால் தானாக வளராது, குழி விழுந்துவிடும். நோயாளியின் மூட்டிலிருந்தே ஒரு துளி கிள்ளி எடுத்து, லேபில் ஒரு மெல்லிய பஞ்சுத் துண்டில் வாரக்கணக்கில் வளர்த்து, அந்தத் துண்டைக் குழியில் பதிப்பார்கள். கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் போலத்தான். உள்ளே ஆள் வேலை செய்து சுவர் எழும்பியதும் சாரம் போய்விடும். நாங்கள் அதை பேட்ச் என்போம். தொட்டால் நனைந்த அப்பளம் மாதிரி இருக்கும்.

நனைந்த அப்பளத்துக்கு ஸ்குரூ போட முடியாது. அங்கேதான் வைரவன் சார் மாட்டிக்கொண்டார்.

போன வருஷம் அவர் ஊரில் அவரே ஒன்று வைத்துப் பார்த்தார். சுற்றிலும் இறுக்கித் தைத்தார். அது கழன்று மூட்டுக்குள் மிதந்தது. அவரே திறந்து, அவரே இடுக்கியால் எடுத்துப் போட்டார். அந்த நோயாளி ஒரு வார்த்தை திட்டவில்லையாம், அதுதான் தாங்கவில்லை என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து, எங்கள் தியேட்டரில் படிக்கிற பிள்ளை மாதிரி ஓரமாக நிற்பார். அந்த வயதில், அந்தப் பெயரோடு அப்படி வந்து நிற்க நெஞ்சு வேண்டும். எனக்கு அவரைப் பிடிக்கும்.

வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"மேடம், எப்படிக் கட்டினா நகராது?"

"பார்க்கலாம் சார்."

ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. "சொல்லித் தொலைச்சா என்ன மேடம்? மனுஷன் எத்தனை தடவை கேட்பார்?"

"சொன்னா வந்துருமா தாணு சார்?" என்றார். அவ்வளவுதான். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விட்டார்.

நான் சொல்ல வந்த நாளில் அது மூன்றாவது கேஸ். மதியச் சாப்பாடு யாரும் சாப்பிடவில்லை. ஏசியில் சத்தம் மட்டும் வந்தது, காற்று வரவில்லை. நின்று நின்று எல்லோருக்கும் கால் கடுத்துக் கிடந்தது.

படுத்திருந்தது இசக்கியம்மாள். டவுன் பஸ் கண்டக்டர். டிரைவர் சடன் பிரேக் போட்டதில் படிக்கட்டுக் கம்பியில் முழங்கால் மோதி, குருத்தெலும்பு பெயர்ந்துவிட்டது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்திருந்தேன். தூக்க மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வாய் ஓயாது.

"சார், நான் நிக்கணும், ஆமா. உக்காந்துக்கிட்டே டிக்கெட் குடுக்க டவுன் பஸ்ல இடம் ஏது? நிக்க முடியலன்னா டெப்போ வாசலைப் பெருக்கச் சொல்லிருவாவ."

"நிப்பீங்கம்மா."

"என் வீட்டுக்காரர் செத்ததுக்குக் கிடைச்ச வேலை சார் இது. அவர் பையைத்தான் தோள்ல மாட்டியிருக்கேன். அதை இறக்கி வைக்கச் சொல்லிராதீய."

மானிட்டரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்குக் கத்தி வைரவன் சார் கையில். முதல் தடவை. மேடம் எதிர்ப்பக்கம் நின்று உதவி. இது சரியாக முடிந்தால் இனி அவர் ஊரில் அவரே செய்யலாம் என்று பேச்சு.

கை அழகான கை, அதில் குறையே இல்லை. மூட்டைத் திறந்து, குழியைச் சுரண்டி, சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு சுவர் மாதிரி நிற்கும்படி சுத்தம் பண்ணினார். அடுத்தது அளவு. தையல் நூல் வருகிற பாக்கெட்டில் உள்ளே ஒரு ஃபாயில் இருக்கும். அதைக் குழிக்குள் வைத்து விரலால் அழுத்தினால் ஓரம் பதியும். பதிந்தபடி ஃபாயிலை நறுக்கி, அதை பேட்சின் மேல் வைத்து பேட்சை வெட்டுவார்கள். இதுதான் வழக்கம்.

வைரவன் சார் ஃபாயிலைச் சரியாகத்தான் நறுக்கினார். பேட்சை வெட்டும்போது மட்டும் கத்தரிக்கோலைச் சுற்றிலும் கொஞ்சம் தள்ளி ஓட்டினார்.

"சார், ஃபாயில் அளவு?" என்றார் மேடம்.

"துளி கூட வச்சேன் மேடம். டைட்டா உக்காரும்."

முறுக்கிப் பழகிய கை, வேறு எப்படி யோசிக்கும்? பேட்சை வைத்தார். அது குழிக்குள் அடங்காமல் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

"ஓரம் தெரியுது சார்."

"தைச்சா அமுங்கிடும் மேடம்."

தைத்தார். முடியை விட மெல்லிய நூல். ஒவ்வொரு தையலும் பேட்சைத் துளைத்து, பக்கத்தில் இருக்கிற நல்ல குருத்தெலும்பையும் துளைத்துக்கொண்டு போகும். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்பியது. அந்தப் பக்கம் தைத்தார். நூல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"போதும் சார்" என்றார் மேடம்.

"ஒண்ணே ஒண்ணு மேடம்."

நர்ஸ் அமலோற்பவம் சிஸ்டர் நூலைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? கடிகாரத்தைப் பார்த்தேன். ரத்தம் வராமல் இருக்கத் தொடையில் பட்டை இறுக்கியிருக்கிறது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு, என் ஊசிக்கும் ஒரு கணக்கு உண்டு.

கடைசியில் வைரவன் சார் நிமிர்ந்தார். "இனி நகராது."

"மடக்குங்க சார்."

மூடுவதற்கு முன்னால் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். பேட்ச் இருந்த இடத்திலேயே இருந்தால் மூடலாம். அது அவருக்கும் தெரியும்.

"வேண்டாம் மேடம். உறுதியா இருக்கு."

"உறுதியா இருந்தா மடக்கலாமே."

"எதுக்கு மேடம் அதைப் போய்க் கிளறிக்கிட்டு? மாவுக்கட்டு போட்டு அசைக்காம வச்சிரலாம்."

"கட்டைப் பிரிச்ச பிறகு?"

வைரவன் சார் தையல் ஓரத்தைப் பஞ்சால் ஒற்றினார்.

"அவங்க பஸ்ல ஏறணும் சார்."

திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து இசக்கியம்மாள், "என்ன சார், சத்தத்தையே காணும்? முடிஞ்சிட்டா?" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன்.

வைரவன் சார் காலைப் பிடித்து மடக்கினார். நீட்டினார். இன்னொரு தரம் மடக்கினார். நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். மூன்றாவது மடக்கில், தூக்கி நின்ற ஓரம் எதிர் எலும்பில் இடறியது. இறுக்கின நூல் பேட்சைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு வந்தது. ஓரம் கிழிந்து தொங்கியது.

"மாதாவே" என்றார் சிஸ்டர்.

அவள் உடம்பிலிருந்தே எடுத்து வளர்த்தது. இன்னொன்று கிடையாது.

"சார், என்னாச்சு?" இசக்கியம்மாள் என் கையைப் பிடித்தாள். "யாரோ மாதாவேன்னாவளே?"

"ஒண்ணுமில்ல. அந்த சிஸ்டர் எல்லாத்துக்கும் மாதாவைக் கூப்பிடுவாங்க."

வைரவன் சார் இடுக்கியைத் தட்டில் வைத்தார். "நீங்க எடுத்துக்கோங்க மேடம். எனக்கு இது வராது." குரல் உடைந்திருந்தது. "திரும்பவும் அதேதான். எனக்கு வரவே வராது."

மேடம் அவரைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்து ஏதோ கண் காட்டினார். ஓரடி பின்னால் போய், இரண்டு கிளவுஸையும் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. நட்டாற்றில் விடுவது என்றால் இதுதான். ஒரு பெண்ணின் பிழைப்பு மேஜையில் திறந்து கிடக்கிறது, இவர் கையை உதறிக்கொண்டு போகிறார். குருவாம் குரு.

"மேடம்!" என்றார் வைரவன் சார். "எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. இங்கதான் நிக்கிறேன்." கைகளைக் கட்டிக்கொண்டு அவர் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "தையலைப் பிரிங்க சார். எல்லாத்தையும்."

சிஸ்டர் எதிர்ப்பக்கம் வந்து மூட்டை விரித்துப் பிடித்தார். வைரவன் சார் ஒவ்வொன்றாகப் பிரித்தார். நல்ல குருத்தெலும்பில் ஊசி போன ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, அப்படியேதான் இருக்கும்.

"பேட்ச்ல எங்க கிழிஞ்சிருக்கு?"

"ஓரத்துல மேடம்."

"ஃபாயிலை மேல வச்சுப் பாருங்க."

வைத்தார். குனிந்து பார்த்தார். "கிழிசல் ஃபாயிலுக்கு வெளியே இருக்கு மேடம்."

"அப்ப அது நமக்கு வேண்டாததுதானே சார்."

வைரவன் சார் கத்தரிக்கோலை எடுத்தார். இந்தத் தடவை ஃபாயிலை ஒட்டியே போனார். கோடு துளியும் பிசகவில்லை. வைத்தபோது பேட்ச் குழிக்குள் சும்மா இறங்கி, விளிம்புக்குத் துளி கீழே அமைதியாகக் கிடந்தது.

"எத்தனை தையல் மேடம்?"

"சுவர் மெலிஞ்ச பக்கம் எது?"

"உள்பக்கம்."

"அங்க மட்டும் ரெண்டு."

"ரெண்டா?"

வைரவன் சார் இரண்டோடு நிறுத்தினார். சிஸ்டர் பசை ஊசியை நீட்டினார். ரத்தம் உறைகிற சத்திலிருந்து செய்கிற பசை அது. சுற்றிலும் சொட்டு விட்டார்.

"விரலை மேல வைங்க சார். அழுத்தாதீங்க. வச்சா போதும்."

வைத்தார். எல்லோரும் நின்றோம். எனக்கு வயிறு காந்தியது. சிஸ்டர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

இசக்கியம்மாள் மெதுவாக, "சார், கால் கட்டைவிரல்ல என்னமோ குறுகுறுங்கு" என்றாள்.

மற்ற காலின் விரல். என் ஊசியின் மரப்பு விட ஆரம்பித்துவிட்டது. "மேடம், நேரமாகுது" என்றேன்.

"கையை எடுங்க, சார்" என்றார் மேடம்.

வைரவன் சார் எடுக்கவில்லை.

"ஒட்டியாச்சு சார். எடுங்க."

"இன்னும் கொஞ்சம் மேடம்."

"இன்னும் வச்சிருந்தா உங்க கிளவுஸோட ஒட்டிக்கிட்டு வந்துரும்."

"தெரியுது மேடம். எடுக்கத்தான் வரமாட்டேங்குது." நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. "எடுத்து, நகர்ந்துட்டா?"

"நகர்ந்தா இங்கேயே நகரட்டும் சார். இப்ப நாம இருக்கோம்."

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். விரலை மேலே தூக்காமல், பக்கவாட்டில் வழுக்கினாற்போல எடுத்தார். பேட்ச் அங்கேயே இருந்தது.

யாரும் சொல்லாமலே காலைப் பிடித்தார். மடக்கினார். நீட்டினார். மடக்கினார். நான் என் கழுத்துவலியை மறந்து நின்றேன். எத்தனை தடவை மடக்கினார் என்று எனக்குத் தெரியாது, மேடமே கடைசியில் "போதும் சார், அவங்க காலு அது" என்றார். சிஸ்டர் சிரித்துவிட்டார். பேட்ச் நகரவில்லை. மூடினார்கள்.

தள்ளுவண்டிக்கு மாற்றும்போது இசக்கியம்மாள் வைரவன் சாரைப் பிடித்துக்கொண்டாள். "சார், நீங்கதானே செஞ்சது? நல்லா ஒட்டிட்டியளா? கழண்டு வந்துராதே?"

அவர் திரும்பி மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க ஒட்டினது ரெண்டு வாரத்துல கரைஞ்சு போயிரும்மா" என்றார் வைரவன் சார்.

"அட பாவி! பிறகு?"

"அதுக்குள்ள உங்க எலும்பு அதைப் பிடிச்சுக்கணும். சொல்ற மாதிரி தினம் மடக்கணும், நீட்டணும். ஊன்றச் சொல்ற வரைக்கும் ஊன்றக் கூடாது."

அவள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "நம்ம பிடிச்சுக்கிடணும், அப்படித்தானே? சரி சார். பிடிச்சுக்கிடுவோம்." பிறகு வண்டி தள்ளுகிறவரிடம், "போலாம் ரைட்" என்றாள்.

கை கழுவும் இடத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. எனக்கு மேடத்தின் மேல் இன்னும் கோபம் போகவில்லை, முகத்தைப் பார்க்காமல் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே தட்டுகளை ஒதுக்கிக்கொண்டிருந்த சிஸ்டர் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"மேடம், நீங்க கண் காட்டின உடனே உங்க சைஸ் கிளவுஸ், புது கவுன் எல்லாம் பிரிச்சு ரெடியா வச்சேனே. போடவே இல்லியே. தூக்கிப் போட்டுரவா?"

"போட்டுருங்க சிஸ்டர்."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சோப்பு மட்டும் கையில் இருந்தது.

வைரவன் சார் குழாயை மூடினார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"மேடம், அடுத்த மாசம் எங்க ஊர்ல நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க."

"மாட்டேன் சார்."

"அப்ப, இன்னிக்கு இருந்தீங்களே. ஏன் மேடம் கையை எடுத்தீங்க? அந்த பேட்ச் மாதிரி நானும் நகர்ந்திருந்தா?"

மேடம் துண்டில் கையைத் துடைத்தார். களைப்பில் கண் செருகிக்கொண்டு வந்தது. துண்டை மடித்துக் கம்பியில் போட்டார்.

"நகர்ந்தா இங்கேயே நகரட்டும்னுதான் சார்."